அம்மா, ஆர்.வி., மனிட்டோலின் தீவு

நாங்கள் ஆர்.வி. வாடகைக்கு எடுத்ததற்கு உண்மையான காரணம் டொய்லெட். மேப்பிள் இலைகள், பிள்ளைகளுக்கு இயற்கை, குடும்பமாக நாலு நாள் என்பதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

அம்மாவுக்கு 78 வயது. நீரிழிவு, பிரஷர், இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. கால் வீக்கத்துக்குத் தண்ணிக் குளிசை எடுக்கிறார். அதை எடுத்தால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பிப் போகவேணும். சில நேரம் அதுவும் பொறுக்காது. அதனால் நாலு வருடமாக ஸ்காபரோவை விட்டுத் தூரம் போனதில்லை. மொன்றியாலில் கலியாணமா, ஒட்டாவாவில் பிறந்தநாளா, எதுவென்றாலும் "எனக்கு ஏலாது பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ" என்பதோடு கதை முடியும். ஏன் ஏலாது என்று யாருக்கும் சொல்லமாட்டார். இதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. கனபேருக்கு இருக்கிற பிரச்சினை. ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல" என்றார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. 1986இல் கனடா வந்து, ரொறொன்ரோ ரெஸ்டோரண்ட் குசினிகளில் பதினைந்து வருடம் பாத்திரம் கழுவி, சமைத்து, பிறகு யாரோ சொன்னார்கள் என்று வடக்கே மனிட்டோலின் தீவில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனையும் அதோடு ஒட்டின கடையையும் வாங்கினவர். எங்கட பிள்ளைகளுக்கு அவர் 'ஸ்டோர் தாத்தா'. கிழமையில் ஏழு நாளும் கடை. அவரால் இங்கே வர முடியாது, அம்மாவால் அங்கே போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் மட்டும் என்று வருடங்கள் ஓடின. முந்தின வருடம் ஒக்டோபரில் மாமி தவறிப்போனார். சட்பரியில் செத்தவீடு. நாங்கள் போனோம். அம்மா போகவில்லை, ஐபாடில் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த தமக்கை தம்பி பெண்சாதியின் செத்தவீட்டுக்குப் போகாதது எங்கட சனத்துக்குள் என்ன கதை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் அம்மாவை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் பத்து நிமிடத்தில் முடியத் தொடங்கின.

ஆட்டைத் திவசம் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு வந்தது. "இந்தமுறை போகத்தான் வேணும்" என்று அம்மாவே சொன்னார். எப்படி என்று என் கணவர்தான் யோசித்தார்: டொய்லெட்டைத் தேடிப் போகிறதற்குப் பதிலாக டொய்லெட்டையும் கூட்டிக்கொண்டு போவம்.

வயதுபோன பெற்றோரை இப்படிக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களை விவரமாகவே சொல்கிறேன். படங்களில் பார்க்கிற பெரிய பஸ் மாதிரி ஒன்று தேவையில்லை. சாரதி இருக்கைக்கு மேலே ஒரு கட்டில் முட்டிக்கொண்டு நிற்கிற 'கிளாஸ் சி' வகை எங்கள் ஐந்து பேருக்கும் போதும். ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசன்ஸோடு 11,000 கிலோ வரை ஓட்டலாம். இந்த வகை அதற்குள் நன்றாகவே அடங்கும். ஆனால் முன்பதிவு செய்ய முதல் அம்மா அப்பாவை நேரே கூட்டிக்கொண்டு போய் ஏறச் சொல்லுங்கள். வாசற்படி உயரம். உள்ளே டொய்லெட் கதவு ஒடுக்கம், வோக்கர் நுழையாது. முதலில் கேட்ட இடத்தில் காசு கட்டினபிறகுதான் உள்ளே பார்க்கலாம் என்றார்கள். சரி, நன்றி என்று வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் அம்மா ஏறி, கதவைச் சாத்தி, இருந்து, எழும்பி, பிடிக்க எங்கே கைபிடி இருக்கிறதென்று தடவிப் பார்த்துவிட்டு வந்து, "வெள்ளவத்தையில வாடகைக்கு இருந்த வீட்டை விட இது வசதி" என்றார். வாசலுக்கு வைக்க ஒரு சின்ன ஸ்டூல் வாங்கினோம். அந்த ஸ்டூல்தான் முழுப் பயணத்திலும் மிகவும் பயன்பட்ட சாமான்.

இலையுதிர் காலத்துக்கென்று ஒரு கேள்வியும் கேட்கவேணும்: தண்ணீர்க் குழாய்கள் பாவனையில் இருக்குமா? உறைபனி தொடங்கினால் குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை இறக்கிவிட்டு, ரோஸ் நிற அன்டிஃப்ரீஸ் ஊற்றி மூடிவிடுவார்கள். அப்படி மூடின வண்டியில் குழாய் வேலை செய்யாது. எங்களுக்கு டொய்லெட்டுக்காகவே பயணம் என்பதால் இதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்தோம்.

சிலர் நினைப்பதுபோல் வண்டி ஓடும்போது பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டோ, எழும்பி டொய்லெட்டுக்கு நடந்துகொண்டோ போக முடியாது. எல்லாரும் பெல்ட் போட்டு இருக்கவேணும். வித்தியாசம் என்னவென்றால், பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்த ஒரு இடம் கிடைத்தால் போதும். இருபது அடி நடந்தால் கதவு. மகனுக்கு ஏழு வயது, இன்னும் பூஸ்டர். மேசையோடு இருக்கும் சில இருக்கைகளில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான் இருக்கும். பூஸ்டருக்குத் தோள் பெல்ட் வேணும். அதையும் முதலே பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். மனிட்டோலின் வாசலான லிட்டில் கரன்ட் வரைக்கும் சுமார் 500 கிலோமீற்றர். காரில் ஆறு மணித்தியாலம். நாங்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டோம். இந்த வண்டி காற்றுக்கு ஆடும். பெரிய லொறி பக்கத்தால் போனால் உங்கள் ஸ்டியரிங்கும் சொல்லும். பெற்றோலும் குடிக்கும். எங்களுக்கு 100 கிலோமீற்றருக்கு 22 லீற்றர் போனது. பாரி சவுண்ட் தாண்டி ஹைவே 69 இருவழிப் பாதையாக ஒடுங்குகிற இடங்களில் பின்னால் கார்கள் வரிசையாகச் சேரும். அவசரப்படாமல் ஓட்டிக்கொண்டு, இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி விடுவதுதான் நல்லது. பொழுதுபட்டபின் அந்தப் பாதையில் மூஸ் குறுக்கே வரும் என்று அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. ஐந்து மணிக்கே வண்டியை நிறுத்திவிடத் திட்டமிட்டோம்.

அம்மா முன் இருக்கையில் இருந்தார். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை. பாரியைத் தாண்டினதும், "தம்பி, நிப்பாட்டு" என்றார் மருமகனைப் பார்த்து. நிறுத்தி, போய், வந்தார். பிறகு ஒரில்லியாவுக்கு அங்கால ஒருதரம் என்று நினைத்தோம், இல்லை, பாரி சவுண்ட் வரை தாங்கினார். அவசரம் வந்தால் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவசரமே குறைந்துவிட்டது. டொக்ரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எனக்கு இருந்தது.

இலை நிறம் பார்க்க வடக்கே செப்ரெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதல் கிழமையும்தான் திறம். நாங்கள் போன நேரம் மேப்பிள் சிவப்பு பாதி கொட்டிவிட்டது. பேர்ச்சும் பொப்ளரும் மஞ்சளாக நின்றன. மகளுக்குப் பதினொரு வயது, எல்லாம் தெரியும் என்கிற வயது. பகல் குறையக் குறைய மரம் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, உள்ளே முதலே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பை மட்டும் மேப்பிள் அந்த நேரத்தில் புதிதாகச் செய்கிறது என்று அம்மம்மாவுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி. உந்த நிறத்துக்குத் தமிழில என்ன?" என்று ஒரு மரத்தைக் காட்டினார். "ஆரஞ்சு." "அது இங்கிலிசு." தெரியவில்லை. "செம்மஞ்சள்" என்றார் அம்மா. அடுத்த மரம் மண்ணிறம். அதற்கடுத்தது இளமஞ்சள். மகன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு "செம்மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம்" என்று எண்ணிக்கொண்டே வந்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வேலைத்தாள் கொடுத்து நான் மூன்று மாதம் முயன்ற விஷயம் இது.

அன்றிரவு கிரண்டி லேக் மாகாணப் பூங்காவில் தங்கினோம். மின்சாரம் உள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஹீற்றர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி பற்றரியில்தான் ஓடும். கம்பியைச் செருகிவிட்டால் நடுச்சாமத்தில் குளிர்ந்து எழும்ப வேண்டி வராது. அம்மாவின் இன்சுலினைப் பிரிட்ஜில் வைத்தோம், உறைகிற தட்டுக்குத் தள்ளி. இடியப்பமும் சொதியும் வீட்டிலிருந்து கொண்டுபோனது. சம்பலுக்கு நான் செத்தல் மிளகாயை வறுக்கப் போக, புகை அலாரம் அடித்தது. பக்கத்து இடத்துக்காரர் ரோர்ச் லைட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். வண்டிக்குள் வறுக்கிற வேலை வேண்டாம். வெளியே அடுப்பு இருக்கிறது.

காலையில் கழிவுத் தொட்டியை இறக்குகிற இடத்துக்குப் போனோம். அதை 'சானி ஸ்டேஷன்' என்பார்கள். கணவர் கையுறை போட்டுக்கொண்டு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மகன் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான். "சாணியோ?" என்றார் அம்மா. "சரியாத்தான் பேர் வச்சிருக்கிறாங்கள்." இந்த ஒரு பகிடியை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் சட்பரி வரை சிரித்தார்கள். இன்றைக்கும் வீட்டில் யாராவது பாத்ரூம் போனால் 'சாணி ஸ்டேஷன்'தான்.

சட்பரியில் இருந்து ஹைவே 17 மேற்கே, பிறகு எஸ்பனோலாவுக்குத் திரும்பி ஹைவே 6இல் தெற்கே. இந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தை யாரும் நித்திரையில் தவறவிடக்கூடாது. லா கிளோஷ் மலைகள் வெள்ளைக் கல்லாக நிற்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் பனி கொட்டியிருக்கிறது என்று நினைப்பீர்கள். குரூப் ஒஃப் செவன் ஓவியர் பிராங்க்ளின் கார்மைக்கேல் திரும்பத் திரும்ப வந்து வரைந்த இடம்.

லிட்டில் கரன்டில் தீவுக்குள் போவது ஒரேயொரு பாலத்தால். 1913இல் ரயிலுக்காகக் கட்டின இரும்புப் பாலம், ஒரு வழி, சிக்னல் விழும்வரை நிற்கவேணும். கப்பல் போகிற காலத்தில் பகலில் மணிக்கு ஒருதரம் பாலம் அப்படியே பக்கவாட்டில் திரும்பிப் படகுகளுக்கு வழிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் சரியாகப் பாலம் திரும்பத் தொடங்கியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அம்மா கண்ணாடியை இறக்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஊர் புங்குடுதீவு. பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கால தாம்போதியால் புங்குடுதீவு, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் நயினாதீவு. தண்ணீரைக் கடக்காமல் அவர்கள் சின்ன வயதில் எங்கும் போனதில்லை. "இவ்வளவு பெரிய நாட்டில தேடிப் பிடிச்சு ஒரு தீவுக்குத்தானே போயிருக்கிறான்" என்றார். கோபமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. சின்னத் தீவும் இல்லை. நன்னீர் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் உலகிலேயே பெரியது இதுதான்; 2,766 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். தீவுக்குள்ளேயே நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். (டோபர்மோரியில் இருந்து சீ-சீமோன் என்கிற பெரிய படகிலும் வரலாம், வண்டியோடு. ஒக்டோபர் நடுப்பகுதியோடு அந்தச் சேவை நின்றுவிடும், திகதி பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடை பூட்டியிருந்தது. கதவில் 'குடும்ப நிகழ்வு, இன்று விடுமுறை' என்று மாமாவின் கையெழுத்தில் ஒரு மட்டை. பெற்றோல் பம்ப் பக்கத்தில் மாமா நின்றார், வெள்ளை வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டோடு. ஸ்டூலை வைத்து அம்மாவை இறக்கினோம். "வந்திட்டியே அக்கா" என்றார். அம்மா அவருடைய ஜாக்கெட் சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டார். 70 வயது மனிசனுக்கு.

தீவில் ஐயர் இல்லை. மாமி படத்துக்கு முன்னால் மாமாவே விளக்கேற்றி, அம்மா சொல்லச் சொல்லப் படைத்தார். ஒன்பது கறி. முருங்கைக்காயும் வாழைக்காயும் ஸ்காபரோவில் இருந்து நாங்கள் கொண்டுபோனது. மத்தியானத்துக்குப் பிறகு ஊர்ச்சனம் வரத்தொடங்கியது. மட்டையைப் பார்த்துவிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஒருவர் ஆப்பிள் பை, ஒருவர் ஹோபெரி ஜாம். அந்தத் தீவில் பிறந்தவர்களை 'ஹோ-ஈட்டர்' என்று சொல்வார்கள், அந்தச் சிவப்புப் பழத்தைச் சாப்பிடுகிறவர்கள் என்று. மாமாவின் கடைசி மகள் அங்கே பிறந்தவள், அவளும் ஹோ-ஈட்டர்தான். இப்போது கல்கரியில் இருக்கிறாள். வந்தவர்கள் எல்லாரும் வாழையிலை மாதிரி அச்சடித்த பேப்பர் இலையில் சோறு சாப்பிட்டார்கள். எம்'சிகீங்கில் இருந்து வந்த ஒரு வயதான அனிஷினாபே அம்மா, மாமியிடம் சமோசா வாங்கியே தனக்கு இருபது வருடம் போனது என்றார். பிள்ளைகள் அம்மம்மாவோடு தமிழில் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது என்ன மொழி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று மகளிடம் கேட்டார். தன்னை வதிவிடப் பள்ளிக்கூடத்தில் தன் பாஷை பேசினதற்கு அடித்தார்கள் என்றும், தன் பேத்தி இப்போது அதே பாஷையைப் புத்தகம் வைத்துப் படிக்கிறாள் என்றும் சாதாரணமாகச் சொன்னார். செப்ரெம்பர் 30இல் பள்ளிக்கூடத்துக்கு ஒரேஞ்ச் ஷேர்ட் போட்டுப் போகிறவள் என் மகள். அதற்குரிய ஆளை முன்னால் பார்த்தது அதுதான் முதல் தரம். "உங்கட பாஷையில இந்த நிறத்துக்கு என்ன பேர்?" என்று வெளியே மரத்தைக் காட்டிக் கேட்டாள். இருவரும் ஜன்னலோரம் கனநேரம் நின்றார்கள்.

இரவு வண்டியை மாமா வீட்டு முற்றத்தில் நிறுத்தி, பிள்ளைகளை மேல் கட்டிலில் படுக்கவைத்தோம். அம்மா கீழே, டொய்லெட்டுக்குப் பக்கத்தில். மாமா தேத்தண்ணியோடு வந்து எதிரே இருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் ஒளிய இடம் இல்லை, எல்லாம் காதில் விழும்.

"அவளின்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்ல" என்றார் அம்மா.

"விடுங்கோ அக்கா."

"விடேலாது. நீ கேக்கவும் இல்லை."

மாமா தேத்தண்ணியை ஆற்றினார். "கலியாணத்திலயே அவளை உங்களுக்குப் பிடிக்கேல்ல. அதுதான் எண்டு நினைச்சன்."

அம்மா அப்போதுதான் சொன்னார். குளிசை, முக்கால் மணித்தியாலம், ஒருதரம் கோயில் பஸ்ஸில் நடந்தது, அன்றிலிருந்து பயணம் என்றால் வரும் நடுக்கம். எனக்குக்கூட அந்தக் கோயில் பஸ் கதை தெரியாது. மாமா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கும் புரொஸ்டேட் அக்கா. இரவில அஞ்சுதரம்" என்றார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். மேல் கட்டிலில் இருந்து மகன் "ஸ்டோர் தாத்தா, சாணி ஸ்டேஷன்!" என்று கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ். ஒடியல் மா நாங்கள் கொண்டுபோனது, மீன் ஹூரோன் ஏரியின் வைட்ஃபிஷ். கடல் மீன் இல்லாமல் கூழா என்று அம்மா முகம் சுளித்தார். நண்டும் இறாலும் உறைந்ததுதான் கிடைத்தது. பயற்றங்காய், மரவள்ளி, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் போட்டு முற்றத்தில் விறகடுப்பில் பெரிய பானையில் கொதித்தது. ஊரில் பலா இலையைக் கோலிக் குடிப்போம் என்று மாமா சொல்ல, மகன் ஒரு பெரிய மேப்பிள் இலையைக் கோலிக்கொண்டு வந்தான். மேப்பிள் இலையில் கூழ் நிற்காது. ஜாக்கெட் இன்னும் மணக்கிறது.

கடையை இந்த வருட முடிவில் விற்கப்போகிறார் மாமா. "பிறகென்ன, ஸ்காபரோவுக்கு வாவன்" என்று அம்மா மூன்று நாளும் கேட்டார். "வந்து? கொண்டோ ஜன்னலால 401ஐப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்றார் அவர். கடையைத்தான் விற்பாராம், வீட்டை இல்லை. மாமியின் சாம்பலை அந்த ஏரியில்தான் கரைத்தவர். அம்மா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் மார்கழியில் இரண்டு கிழமை வந்து நிற்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வந்தார், நின்றார், புரொஸ்டேட்டுக்கு எங்கட டொக்ரரிடம் காட்டினோம்.

நாலு இரவு, 1,100 கிலோமீற்றர், 240 லீற்றர் பெற்றோல். வாடகை கோடை காலத்தை விடக் குறைவு. ஆனாலும் ஐந்து பேர் காரில் போய் மோட்டலில் நிற்பதை விடக் கூடத்தான். கணக்குப் பார்க்கிற என் கணவரே இதை ஒருதரமும் சொல்லிக்காட்டவில்லை. ஒன்ராறியோ பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே இடம் பதியலாம். ஒக்டோபருக்கு மே மாதம், காலை ஏழு மணிக்கு. அலாரம் வைத்தாயிற்று. டொய்லெட்டுக்கு மிக அண்மையாக உள்ள இடம் வேண்டாமாம், ஏரிக்கரையில் பார்க்கச் சொன்னார் அம்மா.